தொந்தரவு தராதவர்கள்

அப்பாவை நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த பதினோரு நாளும் நான் எந்த நண்பனுக்கும் தகவல் சொல்லவில்லை. பகல் முழுக்க மருந்துக்கடைக்கும் பில் கவுன்ட்டருக்கும் நடை. ராத்திரி ஐசியூ வாசலில் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூக்கம். பன்னிரண்டாம் நாள் அப்பா வீடு திரும்பினார். அதற்கு அப்புறம்தான் என் இருபது வருட நண்பனுக்கு விஷயம் தெரிந்தது, அதுவும் வேறு யாரோ சொல்லி. நேரே வீட்டுக்கு வந்தான். அப்பாவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம் பேசினான். கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டான்.

"ஏன்டா, ஒரு போன் பண்ணக்கூடத் தோணலையா?"

"உனக்கு எதுக்கு வீண் அலைச்சல்னுதான்..."

"அப்ப நான் யாரு?"

எனக்கு வாயில் பதில் வரவில்லை. அவனும் நிற்கவில்லை. சண்டை என்று எதுவும் நடக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவன் என்னிடம் எதுவும் கேட்பதை நிறுத்திக்கொண்டான். அவன் வீடு மாறியதை வாட்ஸப் ஸ்டேட்டஸில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அதற்கு முன்பு அவன் மூன்று தடவை வீடு மாறியிருக்கிறான். மூன்று தடவையும் பீரோவின் ஒரு முனையைப் பிடித்தவன் நான்.

அதுவரை நான் என்னைப் பற்றிப் பெருமையாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். யாருக்கும் பாரமாக இருந்ததில்லை. யாரிடமும் கடன் இல்லை. ஐந்நூறு ரூபாய் கைமாற்று வாங்கினால்கூட மறுநாள் காலை திருப்பிக் கொடுத்துவிடுவேன். யாராவது கூப்பிட்டால் நடுராத்திரியிலும் ஓடுவேன், நானாக யாரையும் கூப்பிட மாட்டேன். இதைத்தான் நல்ல நட்பு என்று நம்பினேன். இந்தக் கட்டுரை என்னைப் போன்றவர்களுக்கு எதிரானது.

*

நட்பைப் பற்றி நமக்கு இரண்டு உபதேசங்கள் கிடைக்கின்றன. ஒன்று பழசு: "நட்பில் கணக்குப் பார்க்கக் கூடாது." இன்னொன்று புதுசு, ரீல்ஸ்களில் தினமும் வருவது: "நீ மட்டும் கொடுத்துக்கொண்டிருக்கும் உறவை இன்றே வெட்டிவிடு." முதலாவது கணக்கே கிடையாது என்கிறது. இரண்டாவது, கணக்கு நேராகவில்லை என்றால் கடையை மூடு என்கிறது. எதிரும் புதிருமாகத் தெரிகிற இந்த இரண்டு உபதேசங்களுக்கும் ஒரு பொதுக்குணம் உண்டு. இரண்டுமே கொடுப்பதை மட்டும் பேசுகின்றன. வாங்கிக்கொள்வது என்ற ஒன்று இருப்பதையே இரண்டும் பார்க்கவில்லை. நட்புக்குள் இருந்துகொண்டே ஒருவன் தனியாகிப்போவது அந்த இடத்தில்தான் என்பது என் கட்சி.

பழைய உபதேசத்திலிருந்து தொடங்குவோம். நட்புக்கு உதாரணம் சொல் என்றால் தமிழர் பத்துப் பேரில் எட்டுப் பேர் கர்ணனையும் துரியோதனனையும் சொல்வார்கள். 1964இல் சிவாஜி கர்ணனாக நடித்துப் பார்த்தோம். 1991இல் மணிரத்னம் அதையே "தளபதி" ஆக்கியபோதும் போய் அழுதோம். ஆனால் அந்த நட்புக்கு நாம் வைத்திருக்கும் பெயரைக் கொஞ்சம் கவனியுங்கள்: செஞ்சோற்றுக்கடன். கடன்! கணக்கே பார்க்காத நட்பு என்று நாம் கொண்டாடுவதற்கு நம் மொழியே வைத்த பெயரில் கடன் இருக்கிறது. ஒருவன் அங்க நாட்டைக் கொடுத்துவிட்டான். அதற்கு ஈடாகக் கொடுக்க மற்றவனிடம் உயிரைத் தவிர வேறொன்றும் இல்லை. தாய் யார், தம்பிகள் யார் என்று தெரிந்த பிறகும் அவனால் இந்தப் பக்கம் வர முடியவில்லை. பாரதப் போரில் கர்ணனைப் போலத் தனியாக நின்றவன் வேறு யார்? அள்ளி அள்ளிக் கொடுத்து வள்ளல் என்று பெயர் வாங்கியவன், தான் வாங்கிய ஒரே ஒரு கொடையிலிருந்து கடைசிவரை மீளவில்லை.

கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும்? மகத்தான நட்புதான், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் உயிரோடு இருந்து ஒருவருக்கொருவர் தொந்தரவு கொடுத்துக்கொண்டவர்கள் அல்லர். வடக்கிருந்து சாவதில் ஒன்றுசேர்ந்தவர்கள். நம் நட்புக் கதைகள் உயிரைக் கொடுப்பதில் உச்சம் தொடுகின்றன. "மச்சி, ஒரு வாரம் உன் வீட்டுல தங்கிக்கட்டுமா?" என்று கேட்பது எப்படி என்று சொல்லித்தர அந்தக் கதைகளில் ஆளில்லை. உயிரைக் கொடுக்கும் சந்தர்ப்பம் யாருக்கும் வாய்க்கப் போவதில்லை. ஒரு வாரம் தங்க இடம் தேவைப்படும் சந்தர்ப்பம் எல்லோருக்கும் வரும்.

இந்த விஷயத்தில் விதிவிலக்கு வள்ளுவர். நட்பை ஒட்டி வரிசையாக ஐந்து அதிகாரங்கள் வைத்தவர், அதில் ஒன்றுக்குப் "பழைமை" என்று பெயர் வைத்திருக்கிறார். அதில் அவர் கொடையைப் பற்றிப் பேசவில்லை. நண்பன் நம்மைக் கேட்காமலே ஒரு காரியம் செய்துவிட்டால் அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று பேசுகிறார். உரிமை எடுத்துக்கொள்வதுதான் பழகிய நட்பின் அடையாளம் என்கிறார். "கெழுதகைமை" என்று அதற்கு ஒரு சொல்லே வைத்திருக்கிறார். என்னிடம் சொல்லாமல் என் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு போகிறவன், என் வீட்டு அடுக்களையில் அவனே டீ போட்டுக் குடிக்கிறவன், அவன்தான் பழைய நண்பன். அந்தச் சொல் இன்று வழக்கில் இல்லை. சொல் மட்டும் போயிருந்தால் பரவாயில்லை.

*

சரி, கணக்கே இல்லாத நட்பு நிஜத்தில் உண்டா? ஆராய்ந்து பார்த்தவர்கள் அவ்வளவு எளிதாக ஆமாம் சொல்வதில்லை. அமெரிக்க உளவியலாளர் கேரன் ரூக் 1987இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, கணவனை இழந்த முதிய பெண்களைப் பற்றியது. யாரிடமிருந்து என்ன கிடைக்கிறது, யாருக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று அவர்களைக் கேட்டார்கள். கொடுத்ததைவிடக் குறைவாகப் பெற்றவர்கள் தனிமையாக உணர்ந்தார்கள். இதை யாரும் எதிர்பார்ப்போம். ஆனால் கொடுத்ததைவிட அதிகமாகப் பெற்றவர்களும் தனிமையாகத்தான் உணர்ந்தார்கள். எத்தனை பேர் உதவுகிறார்கள் என்பது மட்டும் மனிதரின் தனிமையைத் தீர்ப்பதில்லை. போவதும் வருவதுமாக இருந்தால்தான் தீர்கிறது. பிள்ளைகள் மாதாமாதம் பணம் அனுப்ப, வேலைக்காரப் பெண் சமைத்துப் போட, டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் எத்தனை அம்மாக்களை நமக்குத் தெரியும்? "எனக்கு ஒரு குறையும் இல்ல" என்று அவர்கள் சொல்லும்போது, தன்னிடம் கேட்க யாருக்கும் எதுவும் இல்லை என்ற குறை அந்தக் குரலிலேயே இருக்கும்.

அப்படியானால் ரீல்ஸ் உபதேசிகள் சொல்வது சரியோ, தராசு பிடிக்க வேண்டியதுதானோ என்று கேட்கலாம். அங்கேயும் ஒரு முடிச்சு இருக்கிறது. மார்கரெட் கிளார்க் என்ற உளவியலாளர் 1984இல் வெளியிட்ட ஒரு சோதனை எளிமையானது, அழகானது. இரண்டு பேர் சேர்ந்து ஒரு வேலை செய்கிறார்கள், வெகுமதியும் சேர்த்துத்தான் கிடைக்கும். முதல் ஆள் ஒரு நிறப் பேனாவில் தன் பங்கைச் செய்துவிட்டார். இரண்டாம் ஆள் முன்னால் இரண்டு பேனாக்கள்: ஒன்று அதே நிறம், இன்னொன்று வேறு நிறம். வேறு நிறத்தை எடுத்தால் யார் எவ்வளவு செய்தார்கள் என்று பின்னால் பிரித்துச் சொல்லிவிடலாம். அறிமுகமில்லாதவர்கள் வேறு நிறத்தைத் தேடி எடுத்தார்கள். நண்பர்களிடம் அந்த ஆர்வம் தெரியவில்லை. இதோடு நிறுத்தினால் "பார்த்தீர்களா, நண்பர்கள் கணக்குப் பார்ப்பதில்லை" என்று பழைய உபதேசத்துக்கே திரும்பிவிடலாம். ஆனால் கிளார்க்கும் அவர் கூட்டாளிகளும் 1989இல் இன்னொரு ஆய்வு வெளியிட்டார்கள். நண்பர்கள் ஒன்றைக் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்று அதில் தெரிந்தது. மற்றவரின் பங்கு எவ்வளவு என்பதை விட்டுவிட்டு, மற்றவருக்கு இப்போது என்ன தேவை என்பதைக் கவனிக்கிறார்கள்.

நட்பிலும் கணக்கு உண்டு, ஆனால் அது தேவைகளின் கணக்கு. என் தேவையை நான் மறைத்து வைத்தால் என் நண்பனின் கணக்கில் என் பக்கம் வெறும் தாளாக இருக்கும். அவனுக்கு எழுத எதுவும் இருக்காது. அந்தப் பதினோரு நாளும் நான் அவனுக்குச் செய்தது அதுதான்.

*

நட்பின் கணக்கைப் புரிந்துகொள்ள அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. பேராவூரணி வரை போனால் போதும். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி, ஆவணி மாதங்களில் மொய் விருந்து நடக்கும். ஆட்டுக்கறிச் சாப்பாடு, நோட்டுப் புத்தகத்தோடு மேசைகள், பெயரும் ஊரும் தொகையும் எழுதிக்கொள்ளும் ஆட்கள். வெளியூர்க்காரன் பார்த்தால் இது என்ன வட்டியில்லாக் கடன் வியாபாரம் என்றுதான் தோன்றும். பொருளாதாரமாகப் பார்த்தால் அப்படித்தான். ஆனால் அந்த நோட்டில் ஒரு நுட்பம் இருக்கிறது. எனக்கு நீங்கள் ஐயாயிரம் செய்திருந்தால் உங்கள் விருந்தில் அந்த ஐயாயிரத்தோடு மேலே ஒரு தொகையைச் சேர்த்து வைப்பேன். முதலாவது பழைய மொய், மேலே வைத்தது புது மொய். இப்போது நீங்கள் எனக்குக் கடன். வாங்கிய ஐயாயிரத்தை மட்டும் சரியாக வைத்துவிட்டு ஒருவர் போனால், "கணக்கை முடிச்சுக்கிட்டாரு" என்று அர்த்தம். நேர் செய்யப்பட்ட கணக்கு அங்கே உறவின் முடிவு.

இதே நியாயத்தை நைஜீரியாவில் தீவ் மக்களிடையே வாழ்ந்த மானுடவியலாளர் லாரா பொஹானன் எழுதியிருக்கிறார், டேவிட் கிரேபர் 2011இல் வெளியிட்ட கடனைப் பற்றிய நூலில் அதை எடுத்துப் பேசுகிறார். புதிதாக வந்தவருக்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் முட்டை, சோளம், தக்காளி என்று ஆளுக்கு ஒன்று கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் அவர் பதில் செய்ய வேண்டும். கொஞ்சம் கூடவோ கொஞ்சம் குறைவாகவோ செய்யலாம். சரியாக அதே மதிப்புக்கு மட்டும் செய்யக் கூடாது. செய்தால், இனி உன் சகவாசம் வேண்டாம் என்று சொன்னதாகிவிடும்.

தீவ் பெண்களை ஏன் சொல்கிறேன்? என் அம்மாவும் அதே பள்ளியில் படித்தவள்தான். பக்கத்து வீட்டிலிருந்து கிண்ணத்தில் குழம்பு வந்தால் கிண்ணத்தைக் கழுவி அப்படியே கொடுத்தனுப்ப மாட்டாள். "வெறும் பாத்திரமா திருப்பிக் குடுக்கக் கூடாதுடா" என்று எதையாவது போடுவாள். ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கை சர்க்கரை. அதனால் அந்தக் கிண்ணம் எந்த வீட்டிலும் நிரந்தரமாகத் தங்கியதில்லை. எது யார் வீட்டுக் கிண்ணம் என்பதே கடைசியில் மறந்துபோய், ஒரு நாள் இரண்டு பேரும் அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள்.

இப்போது நம் பழக்கத்தைப் பாருங்கள். நான்கு பேர் போய் பிரியாணி சாப்பிட்டுக் கை கழுவி முடிப்பதற்குள் நான்கு போனிலும் ஜிபே அடிக்கிறது: தலைக்கு இருநூற்று எழுபத்து மூன்று ரூபாய். யாரும் யாருக்கும் கடனில்லை. ரொம்ப நேர்மை, ரொம்ப நாகரிகம். ஆனால் "போன தடவை நீ குடுத்த, இந்தத் தடவை நான்" என்பதில், அடுத்த தடவை என்று ஒன்று உண்டு என்ற உத்தரவாதம் இருந்தது. அந்த உத்தரவாதத்தை இருநூற்று எழுபத்து மூன்று ரூபாய்க்கு விற்றுவிட்டோம். தொழில்நுட்பத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. கையில் காசில்லாத மாணவர்களுக்குப் பங்கு பிரிப்பது நியாயம்தான். மாதம் லட்ச ரூபாய் சம்பளம் வாங்குகிறவன், நண்பனிடம் ஒரு பிரியாணிக் கடன் வைக்க ஏன் இப்படிப் பயப்படுகிறான் என்பதுதான் என் கேள்வி.

*

அந்தப் பயத்தின் வேர் எங்கே இருக்கிறது என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். கிடைத்த பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

எட்டாம் வகுப்பில் எனக்கு ஒரு கூட்டாளி இருந்தான். ஊருக்கு வெளியே, வாய்க்காலைத் தாண்டி அவன் தெரு. அவன் எங்கள் வீட்டுக்கு வருவான், திண்ணைவரை. பாட்டி அவனுக்கு முறுக்கு கொடுப்பாள், தீபாவளிக்குப் பலகாரம் கட்டிக் கொடுப்பாள். ஊரில் அதற்காகப் பாட்டிக்கு நல்ல பெயர்கூட உண்டு. ஆனால் அவன் வீட்டில் நான் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. ஒரு தடவை அவன் அம்மா கொடுத்த அதிரசத்தைக் கொண்டுவந்தபோது, பாட்டி சிரித்தமுகமாக வாங்கிவைத்தாள். அவன் போனதும் அது மாட்டுத் தொட்டிக்குப் போனது. ஒன்பதாம் வகுப்பில் அவன் வருவதை நிறுத்திவிட்டான். எனக்குக் காரணம் புரியவில்லை என்று வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். புரிந்துதான் இருந்தது.

கொடுப்பேன், வாங்க மாட்டேன் என்பது தாராளம் இல்லை. அது மேலே உட்கார்ந்திருப்பவனின் இருக்கை. அமெரிக்க மானுடவியலாளர் மெக்கிம் மேரியட் வட இந்தியக் கிராமம் ஒன்றில் யார் யாருக்குச் சாப்பாடு கொடுக்கிறார்கள், யார் யாரிடம் வாங்க மறுக்கிறார்கள் என்று கட்டம் போட்டு எழுதிப் பார்த்தார். அந்தக் கட்டத்திலேயே சாதிப் படிநிலை அப்படியே தெரிந்தது. கொடுத்து, வாங்காமல் இருந்தவன் உயர்ந்தவன். "யாரிடமும் கை நீட்ட மாட்டேன்" என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டதை எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தது நற்பண்பு ஒன்றுமில்லை. சாதிதான் கற்றுக்கொடுத்தது. நண்பனின் அலைச்சலை ஆஸ்பத்திரி வாசலில் நான் மறுத்தபோது, என்னுள்ளே பாட்டி இருந்தாள்.

இதே வாக்கியத்தை மறுபக்கத்திலிருந்து சொல்கிறவர்கள் உண்டு. தலைமுறை தலைமுறையாகக் குனிந்து வாங்க வைக்கப்பட்டவர்கள் "இனி யாரிடமும் கை நீட்ட மாட்டோம்" என்று சொன்னால் அது சுயமரியாதை. அதன் முன்னால் எனக்கு வாதம் கிடையாது. மேலிருந்து விழுவதை மறுப்பது ஒன்று, பக்கத்தில் நிற்பவன் நீட்டுவதை மறுப்பது வேறொன்று. நட்பு என்பதே பக்கத்தில் நிற்பது. அங்கே கொடுக்கும் உரிமை இரண்டு பேருக்கும் இல்லையென்றால், பக்கத்தில் நிற்பது போன்ற பாவனைதான் மிஞ்சும்.

*

"இதெல்லாம் சரிங்க, கூப்பிட்டுக் கூப்பிட்டு வேலை வாங்கிட்டு, நமக்கு ஒண்ணுன்னா போனை எடுக்காதவன் இருக்கானே, அவனை என்ன பண்றது?" என்று ஒருவர் கேட்பார். நியாயமான கேள்வி. அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களை வாழ்நாள் முழுக்கச் சுமக்கச் சொல்லவில்லை. ஒன்றை மட்டும் கேட்கிறேன்: நீங்கள் அவரிடம் எப்போதாவது எதையாவது கேட்டிருக்கிறீர்களா? தெளிவாக, வாய் திறந்து, "நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு நீ வரணும்" என்று? என் அனுபவத்தில், "நான்தான் எப்பவும் செய்றேன்" என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேர் கேட்டதே இல்லை. மனசைப் படித்துக்கொண்டு வர வேண்டும் என்று எதிர்பார்த்து, வராதபோது மனசுக்குள் ஒரு கோடு போட்டுக்கொள்கிறார்கள். இருபது கோடு சேர்ந்ததும் உறவை வெட்டிவிட்டு, ரீல்ஸ் சொன்னது சரி என்கிறார்கள். கேட்டு, இரண்டு மூன்று தடவை கேட்டு, வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். கேட்காமலே தீர்ப்பு எழுதாதீர்கள்.

கேட்பது கேட்கப்படுகிறவனையும் மாற்றுகிறது. உதவி பெற்றவன் உதவியவனை நேசிப்பதைவிட, உதவியவன்தான் உதவி பெற்றவனை அதிகம் நேசிக்கிறான் என்று அரிஸ்டாட்டிலே எழுதிவைத்திருக்கிறார். பெஞ்சமின் பிராங்க்ளின் தன்னை எதிர்த்த ஒரு சட்டமன்ற உறுப்பினரை வழிக்குக் கொண்டுவர அவருக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. அவரிடமிருந்த ஓர் அரிய புத்தகத்தை இரவல் கேட்டார். அவர் அனுப்பினார், ஒரு வாரத்தில் நன்றியோடு திரும்பி வந்தது. அதன்பின் சாகும்வரை நண்பர்கள். பிராங்க்ளினின் கணக்குப்பிள்ளைத்தனத்தைத் தள்ளிவிட்டாலும் உண்மை நிற்கிறது. ஒருவனிடம் கேட்பது, "உன்னிடம் எனக்கு வேண்டியது ஒன்று இருக்கிறது" என்று அவனை மதிப்பது.

தனிமை இன்று அரசாங்கங்களின் கவலை. பிரிட்டன் 2018இல் தனிமைக்கென்று ஓர் அமைச்சரை நியமித்தது, ஜப்பான் 2021இல். 2023 மே மாதம் அமெரிக்காவின் தலைமை மருத்துவர் விவேக் மூர்த்தி அதைக் கொள்ளைநோய் அளவுக்குச் சேர்த்து எச்சரிக்கை வெளியிட்டார். செய்யட்டும். ஆனால் எந்த அமைச்சகமும் எனக்காக என் நண்பனுக்கு போன் போடாது. நண்பர்கள் இல்லாததால் வரும் தனிமைக்கு மன்றங்களும் பூங்காக்களும் உதவலாம். நண்பர்கள் இருந்தும், அவர்களைத் தொந்தரவு செய்யாமல் இருப்பதால் வரும் தனிமையை நாமேதான் கட்டிக்கொண்டோம். அதற்கு நாகரிகம், தன்மானம், பிரைவசி என்று பெயரும் வைத்துக்கொண்டோம்.

*

போன மாதம் ஊரில் ஒரு சின்ன இடத்துக்குப் பத்திரப் பதிவு இருந்தது. இரண்டு சாட்சிகள் வேண்டும். பத்திரம் எழுதுபவரே இரண்டு ஆளை ஏற்பாடு செய்து தருவார், தலைக்கு இவ்வளவு என்று கொடுத்தால் முடிந்தது. அப்படித்தான் செய்வதாக இருந்தேன். முந்தின நாள் ராத்திரி போனை எடுத்து அரை மணி நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, அவனைக் கூப்பிட்டேன். மூன்று வருடம் கழித்து.

"நாளைக்கு சாட்சிக் கையெழுத்துப் போடணும்டா. சார்பதிவாளர் ஆபீஸ். லீவு போட வேண்டியிருக்கும்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "எத்தனை மணிக்கு?" என்றான்.

இரண்டு பஸ் மாறி வந்தான். டோக்கன், கைரேகை, போட்டோ என்று மத்தியானம் ஆகிவிட்டது. வெளியே வந்ததும் அவனுக்கு பஸ் செலவுக்குப் பணம் கொடுக்க என் கை தன்னால் பாக்கெட்டுக்குப் போனது. பழக்கம். அவன் பார்த்தான். கையை வெறுமனே வெளியே எடுத்துக்கொண்டேன்.

"அடுத்த மாசம் பாப்பாவுக்கு காலேஜ் கவுன்சிலிங். எனக்கு அந்தக் கம்ப்யூட்டர் விவகாரமெல்லாம் புரியாது. நீதான் வந்து உட்காரணும்," என்றான்.

சரி என்றேன். டீக்கடையில் அவன்தான் காசு கொடுத்தான். நான் தடுக்கவில்லை.